கைவினைக் கடையில் கார்டு: கையில் இருக்கிற போனிலேயே வாங்கும் முறை

கன்னியாகுமரி படகுத்துறைக்குப் போகிற வழியில் எந்தச் சங்குக் கடையில் நின்றாலும் க்யூஆர் அட்டை கண்ணில் படும். முப்பது ரூபாய் சாவிக்கொத்துக்கும் நூறு ரூபாய் சோழி மாலைக்கும் அது தாராளமாகப் போதும். யுபிஐயில் கடைக்கு வரும் பணத்துக்கு 2020 ஜனவரி 1 முதல் கட்டணமும் கிடையாது. அப்புறம் கார்டில் பணம் வாங்கும் ஏற்பாடு எதற்கு?

பெரிய உருப்படி விற்கிறவர்களுக்குத்தான் கார்டு வேண்டும். கையால் பின்னிய நாகர்கோவில் லேஸ் மேசைவிரிப்பு, வடசேரி கோயில் நகை செட், மயிலாடியில் வடித்த இரண்டடி நந்தி என்று ஆயிரக்கணக்கில் விலை போகிற பொருளை வாங்க வருகிறவர்களில் ஒரு பகுதியினரிடம் யுபிஐ இருக்காது. வெளிநாட்டுப் பயணிகள் ஒரு வகை. விடுமுறைக்கு ஊருக்கு வந்திருக்கும் வளைகுடா மக்கள் இன்னொரு வகை. குளச்சல், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் எத்தனை வீடுகளில் ஆள் துபாயிலும் குவைத்திலும் இருக்கிறார்கள் என்று நமக்கே தெரியும். "அண்ணாச்சி, கார்டு எடுப்பியளா?" என்று கேட்கிறவர் கையில் பெரும்பாலும் அங்குள்ள வங்கியின் கார்டுதான் இருக்கும். மூன்றாவது, விசா அல்லது மாஸ்டர்கார்டு கிரெடிட் கார்டில் வாங்கி அடுத்த மாதம் கட்ட நினைக்கும் உள்நாட்டுக்காரர். இந்த இரண்டு வகைக் கிரெடிட் கார்டுகளாலும் உங்கள் யுபிஐ க்யூஆரை ஸ்கேன் செய்து பணம் அனுப்ப முடியாது. ரூபே கிரெடிட் கார்டுக்கு மட்டும் அந்த வசதி 2022 முதல் இருக்கிறது. அதிலும் சிறு வணிகர்களுக்கு 2,000 ரூபாய் வரை கட்டணம் இல்லை.

ஆக, நாளைக்கு நூறு சின்ன விற்பனையை மட்டும் நம்பி நடக்கும் கடைக்கு இது அவசரமில்லை. மாதத்தில் ஐந்தாறு பெரிய விற்பனை கை நழுவிப் போகிறது என்றால் அவசரம்தான்.

மூன்று வழிகள்

போனில் கார்டு வாங்க மூன்று வழி உண்டு. போனின் முதுகிலேயே கார்டைத் தொட வைப்பது, ப்ளூடூத்தில் இணையும் சின்ன கார்டு ரீடர் வாங்குவது, வாட்ஸப்பில் பேமெண்ட் லிங்க் அனுப்புவது. புதிதாகத் தொடங்குகிற கடைக்கு முதல் வழியையும் மூன்றாவதையும் சேர்த்து எடுங்கள் என்பதே எங்கள் பரிந்துரை. இரண்டுக்கும் தனிக் கருவி வேண்டாம். பல நிறுவனங்களில் மாத வாடகையும் இருக்காது. ரீடரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தொடும் முறைக்கு என்.எஃப்.சி (அருகில் வைத்தாலே கார்டைப் படிக்கும் வசதி) உள்ள ஆண்ட்ராய்டு போன் வேண்டும். விலை குறைந்த போன்கள் பலவற்றில் இது இருக்காது. செட்டிங்ஸைத் திறந்து மேலே தேடும் பெட்டியில் என்.எஃப்.சி என்று அடித்துப் பாருங்கள். வராவிட்டால் அந்த போனில் நடக்காது. இருந்தாலும் இன்னும் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். போன் ரூட் செய்யப்பட்டிருக்கக் கூடாது, அதாவது அதன் பாதுகாப்புப் பூட்டை உடைத்திருக்கக் கூடாது. செட்டிங்ஸில் உள்ள டெவலப்பர் ஆப்ஷன்ஸ், யுஎஸ்பி டீபக்கிங் இரண்டும் அணைந்திருக்க வேண்டும். மற்ற செயலிகளுக்கு மேலே மிதந்து தெரிகிற செயலி எதுவும் ஓடக் கூடாது. திரையைப் பதிவு செய்கிற செயலி, மிதக்கும் சாட் குமிழி எல்லாம் இதில் அடங்கும். இவற்றில் ஒன்று இருந்தாலும் பாதுகாப்புக் காரணமாகக் கார்டு செயலி திறக்காது, அல்லது தொடச் சொல்லும் நேரத்தில் மூடிக்கொள்ளும். "நேற்று ஓடியது, இன்று ஓடவில்லை" என்கிற புகாருக்குப் பெரும்பாலும் காரணம், வீட்டுப் பிள்ளைகள் இரவில் போனை வாங்கி ஏதாவது ஏற்றியதுதான். கார்டுக்கென்று ஒரு போனைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள். அதில் விளையாட்டு வேண்டாம், வாட்ஸப் குழுக்கள் வேண்டாம்.

என்.எஃப்.சி ஆண்டெனா பெரும்பாலான போன்களில் பின் கேமராவுக்கு அருகே இருக்கும். வாடிக்கையாளர் கார்டைத் திரை மேல் வைத்துக் காத்திருப்பார், ஒன்றும் நடக்காது. போனைக் கவிழ்த்து, கார்டைத் தட்டையாக முதுகில் ஒட்டி, சத்தம் வரும்வரை இரண்டு மூன்று நொடி அசையாமல் பிடிக்க வேண்டும். எந்த இடத்தில் உடனே பிடிக்கிறது என்று முதலில் உங்கள் சொந்தக் கார்டை வைத்துத் தேடி, அந்த இடத்தில் உறைமேல் ஒரு வண்ண ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள். உலோக உறை, காந்த வளையம், பின்புறம் ஒட்டும் விரல் பிடி ஆகியவை சிக்னலைக் கெடுக்கும். கார்டைப் பர்ஸோடு சேர்த்து வைத்தால் உள்ளே இருக்கும் இரண்டு மூன்று கார்டுகளும் ஒன்றாகப் பதில் சொல்லிப் பிழை வரும். கார்டைத் தனியாக வெளியே எடுக்கச் சொல்லுங்கள்.

5,000 ரூபாய் வரை பின் (கார்டின் ரகசிய எண்) இல்லாமல் தொட்டாலே போதும். இது 2021 ஜனவரி முதல் உள்ள வரம்பு. அதற்கு மேல் பின் வேண்டும். சில செயலிகள் உங்கள் போன் திரையிலேயே பின் வாங்கும். சிலவற்றில் 5,000க்கு மேல் தொகையே போட முடியாது. பெரிய உருப்படி விற்பதற்காகத்தானே கார்டுக்கு வருகிறோம்? ஆகவே நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும். 8,000 ரூபாய் மேசைவிரிப்பை இரண்டு தடவையாக 4,000 வீதம் தொட்டு வாங்கும் பழக்கம் சில கடைகளில் இருக்கிறது. அதைச் செய்யாதீர்கள். வங்கியின் மோசடித் தடுப்பு அமைப்பு சந்தேகப்படும் வகையே அதுதான். பிறகு தகராறு வந்தாலும் ஒரு பில்லுக்கு இரண்டு பரிவர்த்தனை என்று உங்களால் விளக்க முடியாது.

பின் அடிக்கும்போது போனை வாடிக்கையாளர் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் பார்வையைத் திருப்பிக்கொள்ள வேண்டும். "பின் சொல்லுங்க சார், நானே அடிக்கிறேன்" என்பது எந்தச் சூழ்நிலையிலும் கூடாது.

இந்தியக் கார்டு ஒன்று தொட்டும் வேலை செய்யவில்லை என்றால் போனைக் குறை சொல்லும் முன் ஒன்றைக் கேளுங்கள். 2020ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி, புதிதாக வழங்கப்படும் கார்டில் தொட்டுச் செலுத்தும் வசதி அணைந்தேதான் வரும். வாடிக்கையாளரே வங்கிச் செயலியில் போய் அதைத் திறக்க வேண்டும். பலருக்கு இது தெரியாது. "வங்கி ஆப்பில் கார்டு செட்டிங்ஸ் போய் கான்டாக்ட்லெஸ் ஆன் பண்ணுங்க" என்று சொல்லிக் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும்.

ரீடர் எப்போது வாங்கலாம்

சிப்பைச் செருகித்தான் ஆக வேண்டும் என்ற கார்டுகள் இன்னும் வருகின்றன. வெளிநாட்டுக் கார்டுகளில் தொடும் வசதி இல்லாதவை உண்டு. அமெரிக்கக் கிரெடிட் கார்டுகள் பலவற்றுக்குப் பின் எண்ணே கிடையாது. ரீடர் கையெழுத்து கேட்கும். அப்போது ரசீதில் கையெழுத்து வாங்கி எடுத்து வைக்க வேண்டும். கார்டைத் தங்கள் போனிலோ கைக்கடிகாரத்திலோ ஏற்றி வைத்திருக்கும் பயணிகளிடம் இந்தச் சிக்கல் குறைவு. அவர்கள் விரல்ரேகையோ முகமோ காட்டித் திறந்து உங்கள் போன்மேல் வைப்பார்கள். பெரும்பாலும் அதுவே பின்னுக்குப் பதிலாக ஏற்கப்படும்.

வெளிநாட்டுப் பயணிகள் அதிகம் வருகிற இடத்தில் கடை இருந்தால், அல்லது சென்னை, பெங்களூர் கண்காட்சிகளுக்குப் போகிறவராக இருந்தால், ரீடர் தேவைப்படும். வாங்கும் முன் வாடகைக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். மாதம் 350 ரூபாய் வாடகை என்று வைத்துக்கொள்வோம். 18% ஜிஎஸ்டி சேர்த்தால் 413. அந்த மாதம் கார்டில் 12,000 ரூபாய்தான் விற்றீர்கள் என்றால் வாடகை மட்டுமே விற்பனையில் 3.4% தின்றுவிடும், பரிவர்த்தனைக் கட்டணம் தனி. ஆனி, ஆடியில் கடற்கரை வெறிச்சோடிக் கிடக்கும்போதும் வாடகை ஓடும். கருவியை ஒரே விலைக்கு விற்கும் நிறுவனம் கிடைத்தால் பருவ வியாபாரத்துக்கு அதுவே மேல். வாடகைக்குத்தான் எடுக்கிறீர்கள் என்றால் ஒப்பந்தத்தில் எத்தனை மாதம் கட்டாயம், திருப்பிக் கொடுத்தால் என்ன பிடிப்பார்கள், "குறைந்தபட்ச மாத விற்பனை" என்று ஏதாவது நிபந்தனை இருக்கிறதா என்ற மூன்றையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். விற்பனைப் பிரதிநிதி வாயால் சொல்வது கணக்கில் வராது.

நம் மாவட்டத்துக்கே உரிய தொல்லை உப்புக் காற்று. கடற்கரையில் திறந்த கடையில் வைத்த ரீடரின் செருகுத் துளையில் மணலும் உப்பும் படிந்து, உள்ளே இருக்கும் தொடுமுனைகள் கறுத்துப்போகும். அப்புறம் நல்ல கார்டையும் "சிப் படிக்க முடியவில்லை" என்று திருப்பும். பயன்படுத்தாத நேரத்தில் ஜிப் பையில் போட்டு வையுங்கள். உள்ளே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம். சங்கு அறுக்கிற, சாணை பிடிக்கிற பட்டறையில் பறக்கும் தூள் மணலைவிட மோசம், அங்கே ரீடரைத் திறந்து வைக்கவே கூடாது. துளைக்குள் ஊதக் கூடாது, வாயின் ஈரம் சேர்ந்துவிடும். கார்டின் சிப் அழுக்காக இருந்தால் உலர்ந்த மென்துணியால் துடைத்தாலே போதும். வெயிலில் காய்ந்த போனும் ரீடரும் சூடேறி, சார்ஜ் ஏறாமல் நின்றுவிடும். மேசைக்கு அடியில் நிழல் இருக்கிறதே, அங்கே வையுங்கள்.

பதிவு செய்வது, அதில் மாட்டிக்கொள்வது

பைன் லேப்ஸ், பேடிஎம், போன்பே, ரேசர்பே, எம்ஸ்வைப் போன்ற நிறுவனங்களும் பெரும்பாலான வங்கிகளும் இந்தச் சேவையைத் தருகின்றன. எதில் சேர்ந்தாலும் ஒருவரே உரிமையாளரான கடை என்றால் கேட்கும் தாள்கள் ஏறக்குறைய ஒன்றுதான்: பான், ஆதார், ரத்து செய்த காசோலை, உத்யம் (சிறுதொழில்) பதிவுச் சான்று, கடையின் வெளிப்புற, உட்புறப் படம். உத்யம் பதிவு அரசுத் தளத்தில் இலவசம், ஆதாரை வைத்து நீங்களே முடித்துவிடலாம். அதற்கென்று காசு கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் விட்டுவிலகுங்கள்.

விண்ணப்பம் நின்றுபோவதற்கு முதல் காரணம் பெயர். பானில் தகப்பனார் பெயரின் முதல் எழுத்து முன்னால், வங்கியில் பின்னால், உத்யத்தில் அதுவே இல்லை. பலகையில் இன்னொரு பெயர். நான்கையும் முதலிலேயே ஒன்றாக்கிவிட்டு விண்ணப்பியுங்கள். மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு இது இன்னும் சிக்கல். குழுக் கணக்கு இரண்டு மூன்று பேர் கையெழுத்தில் இருக்கும், செயலியோ ஒரு ஆளின் ஆதாரைக் கேட்கும். அவசரத்துக்கு ஒரு உறுப்பினரின் சொந்தக் கணக்கைக் கொடுத்துவிட்டால் குழுவின் வருமானம் முழுவதும் அவருடைய பானில் ஏறும். வருமான வரி நோட்டீசும் அவர் வீட்டுக்குத்தான் போகும். குழுவின் பெயரில் பான் எடுத்து, யாருக்கு அதிகாரம் என்று தீர்மானம் எழுதி, வங்கிக் கிளை வழியாகவே விண்ணப்பிப்பது மெதுவாக நடந்தாலும் அதுதான் சரியான பாதை.

அடுத்தது தொழில் வகைக் குறியீடு. ஒவ்வொரு கடைக்கும் நான்கு இலக்க எண் ஒன்று கொடுப்பார்கள். நினைவுப்பொருள், பரிசுப்பொருள் கடைக்கு 5947, நகைக்கு 5944. பிரதிநிதி அவசரத்தில் "பலசரக்கு" என்று போட்டுவிட்டுப் போனால், பலசரக்குக் கடையில் ஒரே தடவையில் 18,000 ரூபாய்க்குக் கார்டு ஓடுவது வங்கிக்கு விநோதமாகத் தெரியும், பணத்தை நிறுத்தி வைப்பார்கள். என்ன எண் போட்டிருக்கிறார்கள் என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

சங்குக் கடைக்காரர்களுக்கு இன்னொன்று. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இன் பட்டியலில் 2001இல் பவளங்களும் சில வகைச் சங்கு, சிப்பிகளும் சேர்க்கப்பட்டன. பவளப்பாறைத் துண்டு, ராட்சதச் சிப்பி, நாட்டிலஸ் ஓடு போன்றவற்றை விற்பதே குற்றம். கடைப் படத்தில் அவை தெரிந்தால் விண்ணப்பமும் போகும், வழக்கும் வரும்.

எல்லாவற்றையும்விட முக்கியமாகக் கேட்க வேண்டியவை இரண்டு. முதலாவது, வெளிநாட்டுக் கார்டு ஏற்பு. சிறு கடைக் கணக்குகளில் இது பெரும்பாலும் அணைந்தே இருக்கும். கேட்டால்தான், சில நேரம் கூடுதல் தாள் கொடுத்தால்தான் திறப்பார்கள். துபாய்க் கார்டு முதல்முறை மறுக்கப்படும்போதுதான் பலருக்கு இது தெரியவருகிறது. சீசன் தொடங்கும் கார்த்திகைக்கு முன்பே, புரட்டாசியிலேயே கேட்டு முடித்துவிடுங்கள். இரண்டாவது, வாடிக்கையாளரின் கார்டு அறிக்கையில் என்ன பெயர் வரும் என்பது. உங்கள் பலகையில் இருக்கும் பெயர் வர வேண்டும். உரிமையாளரின் சொந்தப் பெயர் வந்தால், ஊருக்குப் போய் அறிக்கையைப் பார்க்கிறவர் "இது யார்?" என்று வங்கிக்குப் புகார் செய்துவிடுவார். வேண்டுமென்றே செய்யும் மோசடியைவிட இப்படி மறந்துபோய்ச் செய்யும் புகார்தான் சிறு கடையை அதிகம் அலைக்கழிக்கும்.

கட்டணம்

டெபிட் கார்டுக்கு ரிசர்வ் வங்கி உச்சவரம்பு வைத்திருக்கிறது. முந்தைய நிதியாண்டில் விற்றுமுதல் 20 லட்சம் வரை உள்ள கடைக்கு அதிகபட்சம் 0.40%, ஒரு பரிவர்த்தனைக்கு 200 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. அதற்கு மேற்பட்ட கடைக்கு 0.90%, உச்சம் 1,000 ரூபாய். ரூபே டெபிட் கார்டுக்குக் கட்டணமே இல்லை. சிறு கடையாக இருந்தும் டெபிட்டுக்கு 0.90% பிடிக்கிறார்கள் என்றால் உங்களைப் பெரிய வணிகராகப் பதிந்திருக்கிறார்கள் என்று பொருள். எழுதிக் கேட்டால் மாற்றுவார்கள்.

கிரெடிட் கார்டுக்கு அப்படி உச்சவரம்பு கிடையாது. அதனால் அங்கே பேரம் பேசலாம். 2% சொல்கிறார்கள் என்று வைத்துக் கணக்குப் பார்ப்போம். 6,500 ரூபாய் மேசைவிரிப்புக்குக் கட்டணம் 130. ஒரு பரிவர்த்தனை 2,000 ரூபாயைத் தாண்டினால் கட்டணத்தின்மேல் 18% ஜிஎஸ்டி உண்டு, அது 23.40. ஆக 153.40 போய் 6,346.60 உங்கள் கைக்கு வரும். வெளிநாட்டுக் கார்டுக்கு இதைவிடக் கூடும், 3.5% என்றால் ஜிஎஸ்டியோடு 268.45. டெபிட்டில் 0.40% என்றால் 30.68தான்.

"கார்டுன்னா ரெண்டு பெர்சன்ட் எக்ஸ்ட்ரா" என்று வாடிக்கையாளரிடம் கேட்பதை நாங்கள் ஏற்க மாட்டோம். டெபிட் கார்டுக்கு அப்படி வாங்குவதை ரிசர்வ் வங்கியே தடுத்திருக்கிறது; கிரெடிட்டுக்கும் உங்கள் ஒப்பந்தத்தில் தடை இருக்கும். ஒரு புகார் போனால் கணக்கு முடங்கும். நேர்மையான வழி விலையிலேயே அதை வைப்பதுதான். 6,500 கைக்கு வர வேண்டுமானால் 6,500ஐ 0.9764ஆல் (2% கட்டணமும் அதன் ஜிஎஸ்டியுமாக 2.36% கழித்த மிச்சம்) வகுங்கள், 6,657 வரும். 6,660 என்று விலைச்சீட்டு எழுதுங்கள். எல்லோருக்கும் அதே விலை. கைவேலைப் பொருளுக்கு விலை சொல்லும்போது நம் ஆட்கள் கூலியைக் குறைத்தே சொல்லிப் பழகிவிட்டார்கள். அதற்கு மேல் கட்டணத்தையும் தாங்களே சுமந்தால் பின்னுகிற கைக்கு என்ன மிஞ்சும்?

வெளிநாட்டுக் கார்டு ஓடும்போது சில கருவிகள் "ரூபாயிலா, உங்கள் ஊர்ப் பணத்திலா" என்று கேட்கும். ரூபாயையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். மற்றதில் மாற்று விலை வாடிக்கையாளருக்கு நட்டமாக இருக்கும், கோபம் உங்கள் கடைமேல் வரும்.

விற்கும் நேரத்தில்

படகு வரிசையில் இடம் பிடித்துவிட்டு ஓடி வருகிறவருக்கும், பஸ் ஓட்டுநர் ஹாரன் அடிக்கும் சுற்றுலாக் குழுவுக்கும் ஒரு நிமிடத்துக்கு மேல் பொறுமை இருக்காது. சூரிய அஸ்தமனத்துக்குக் கூட்டம் கூடும்போது மொபைல் டேட்டா மெதுவாகும். கார்டு வேலைக்கு இணையம் கட்டாயம், ஆகவே இரண்டு வெவ்வேறு நிறுவன சிம் போட்டு வையுங்கள். கடைக்கு ஃபைபர் இணைப்பு இருந்தால் இன்னும் நல்லது. கெட்டிக் கல் சுவருக்குள் இருக்கும் பழைய கடைகளில் சிக்னல் ஒரு கோடுதான் கிடைக்கும் என்றால், பணம் வாங்கும் மேசையை வாசல் பக்கம் நகர்த்துங்கள்.

தொகையை நீங்கள் அடித்ததும் திரையை வாடிக்கையாளரிடம் காட்டி, வாயாலும் சொல்லுங்கள். 850க்குப் பதில் 8,500 போவது அடிக்கடி நடக்கிற பிழை.

பரிவர்த்தனை சுற்றிக்கொண்டே நின்றால் உடனே மறுபடி தொடச் சொல்லக் கூடாது. செயலியில் பரிவர்த்தனைப் பட்டியலைத் திறந்து பாருங்கள். வெற்றி என்று இருந்து ஆர்ஆர்என் என்ற 12 இலக்க எண்ணும் வந்திருந்தால் முடிந்தது. தோல்வி என்றால் மறுபடி செய்யலாம். நிலுவை என்றால் இரண்டு மூன்று நிமிடம் காத்திருங்கள். வாடிக்கையாளருக்குப் பணம் பிடித்ததாக எஸ்எம்எஸ் வந்து, உங்களிடம் வெற்றி வரவில்லை என்றால் அந்தப் பணம் உங்களுக்கு வரவில்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். ரிசர்வ் வங்கி விதிப்படி அது ஐந்து நாளுக்குள் தானாகவே அவர் கணக்குக்குத் திரும்பியாக வேண்டும். தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் வீதம் வங்கி இழப்பீடு தர வேண்டும். இதைத் தமிழிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் ஒரு தாளில் அச்சடித்து மேசையில் வைத்தால் வாக்குவாதம் பாதியாகக் குறையும். எஸ்எம்எஸ்ஸைக் காட்டினார் என்பதற்காகப் பொருளைக் கொடுத்துவிடாதீர்கள்.

மறுக்கப்பட்டால் வரும் எண்ணுக்கும் பொருள் உண்டு. 51 என்றால் இருப்போ கடன் வரம்போ போதவில்லை. 54 காலாவதியான கார்டு. 55 தவறான பின். 61 அன்றைய வரம்பு தாண்டியது. 91 கார்டு வழங்கிய வங்கியின் கணினி பதில் தரவில்லை. 91க்குச் சற்றுப் பொறுத்து மறுபடி முயலலாம். 55 வந்தால் மூன்றாம் முறை முயல விடாதீர்கள், கார்டு முடங்கிப்போகும். 57 என்றால் அந்தக் கார்டுக்கு இந்த வகைப் பரிவர்த்தனைக்கு அனுமதி இல்லை. 05 வந்தால் வங்கி காரணம் சொல்லாமல் மறுக்கிறது, வெளிநாட்டுக்காரருக்கு அவருடைய வங்கிச் செயலியில் "நீங்கள்தானா?" என்று கேள்வி வந்திருக்கலாம், பார்க்கச் சொல்லுங்கள். 51 வந்தால் அதை நாலு பேர் கேட்கச் சொல்லாமல், "வேற கார்டு இருக்கா சார்?" என்று மட்டும் கேளுங்கள்.

ரசீதை எஸ்எம்எஸ்ஸில் அனுப்ப 10 இலக்க இந்திய எண் கேட்கும் செயலிகள் பல. வெளிநாட்டுக்காரரிடம் அது இருக்காது. மின்னஞ்சல் வசதி இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் கையால் பில் எழுதி அதில் ஆர்ஆர்என் எண்ணையும் கார்டின் கடைசி நான்கு இலக்கத்தையும் குறித்துக் கொடுங்கள்.

லிங்கில் வரும் ஆர்டர்

நேரில் பார்த்துவிட்டுப் போனவர் ஊரிலிருந்து வாட்ஸப்பில் கேட்பார். செயலியில் தொகை, பொருளின் விவரம், காலக்கெடு மூன்றையும் போட்டு லிங்க் உருவாக்குங்கள். காலக்கெடு இரண்டு நாளுக்கு மேல் வேண்டாம். பழைய லிங்கில் பழைய விலைக்குப் பணம் வந்து நிற்கும். இந்தியக் கார்டு என்றால் ஓடிபி கேட்கும். வெளிநாட்டுக் கார்டுக்குப் பல நேரம் ஓடிபி இருக்காது. அங்கேதான் ஆபத்து. திருட்டுக் கார்டில் வாங்கப்பட்டது என்று பிறகு தெரிந்தால் பொருளும் போகும், பணமும் உங்களிடமிருந்து திரும்ப எடுக்கப்படும். முன்பின் அறியாதவர், விலையே கேட்காமல் பத்து உருப்படி கேட்கிறார், கார்டு ஒரு நாட்டுடையது, அனுப்பும் முகவரி வேறு நாட்டில், "கொஞ்சம் கூடுதலாக அனுப்புகிறேன், மிச்சத்தைக் கூரியர்காரருக்குக் கொடுங்கள்" என்கிறார் என்றால் அந்த ஆர்டரை விட்டுவிடுங்கள்.

கார்டு எண்ணையோ பின்பக்கத்து மூன்று இலக்கத்தையோ வாட்ஸப்பில் அனுப்பச் சொல்லவே கூடாது. வாடிக்கையாளராக அனுப்பினாலும் அழித்துவிட்டு லிங்க் கொடுங்கள். 2022 அக்டோபர் முதல் கடைகள் கார்டு எண்ணைச் சேமித்து வைப்பதற்கே அனுமதி இல்லை.

பணம் கணக்குக்கு வந்த பிறகு

இன்று விற்றது பொதுவாக மறு வேலைநாளில் வங்கிக்கு வரும். சனி, ஞாயிறு விற்பனை திங்களோ செவ்வாயோ ஒன்றாக வந்து சேரும், அதுவும் கட்டணம் கழித்து. நோட்டில் தேதி, பில் எண், தொகை, கடைசி நான்கு இலக்கம், ஆர்ஆர்என் என்று ஒரு வரி எழுதிக்கொண்டு வந்தால்தான் வாரம் ஒருமுறை அறிக்கையோடு ஒத்துப் பார்க்க முடியும். ஒன்று விடுபட்டிருந்தால் உடனே கேட்க வேண்டும், மாதக் கணக்கில் கழித்துக் கேட்டால் தேடி எடுப்பது பாடு.

பொருள் பிடிக்கவில்லை என்று அன்றைக்கே திரும்ப வந்தால், செயலியில் "வாய்ட்" செய்யுங்கள். செயலியில் அன்றைய கணக்கு முடியும் முன் ரத்து செய்தால் அந்த விற்பனையே நீங்கிவிடும், பணம் வாடிக்கையாளருக்கே போகும். மறுநாள் என்றால் "ரீஃபண்ட்"தான். அவருக்குப் போய்ச் சேர ஒரு வாரம்கூட ஆகும், நீங்கள் கட்டிய கட்டணம் பெரும்பாலும் திரும்பாது. கார்டில் வாங்கியவருக்குக் கையில் காசாகத் திருப்பிக் கொடுக்காதீர்கள். காசையும் வாங்கிக்கொண்டு வங்கியிலும் புகார் செய்தால் இரண்டு முறை இழப்பீர்கள்.

வங்கி வழியாக அப்படிப் புகார் வந்தால் பதில் சொல்லச் சில நாட்கள்தான் தருவார்கள், மின்னஞ்சலில்தான் வரும். தினமும் பார்க்கிற முகவரியைக் கொடுத்து வையுங்கள். பில், ரசீது, பொருளின் படம், அனுப்பியிருந்தால் ஸ்பீடு போஸ்ட் சீட்டும் சேர்ந்த விவரமும், பேசிய வாட்ஸப் உரையாடல் எல்லாவற்றையும் ஒரே கோப்பாக அனுப்ப வேண்டும். சிப்பும் பின்னும் பயன்படுத்திய பரிவர்த்தனையில் "நான் செய்யவில்லை" என்ற புகார் நிற்பது கடினம். "சொன்ன பொருள் இது இல்லை" என்ற புகார்தான் கைவேலைக்கு வரும். இரண்டு லேஸ் ஒன்றுபோல் இருக்காது, கல்லின் நிறம் மாறும். அதனால் அனுப்புவதற்கு முன் அந்த உருப்படியையே படம் எடுத்து, "இதைத்தான் அனுப்புகிறோம், சரியா அக்கா?" என்று கேட்டு, சரி என்ற பதிலை வாங்கிய பிறகு பொதி கட்டுங்கள்.

வரிக்குப் பயந்து கார்டை ஒதுக்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பொருள் விற்பனைக்கு ஜிஎஸ்டி பதிவு வரம்பு தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 40 லட்சம். கார்டு வாங்குவதால் மட்டும் பதிவு கட்டாயமாகாது. வெளிமாநிலத்துக்கு அனுப்புகிறவர்களுக்கு விதிகள் வேறு, அதைக் கணக்கரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உத்தேச வருமான முறையில் வரி கட்டும் சிறு வணிகருக்கு ரொக்க விற்பனையில் 8% லாபம் என்று எடுத்துக்கொள்கிறார்கள், வங்கி வழியாக வந்த விற்பனையில் 6%தான். கார்டில் ஒரு லட்சம் விற்றால் அந்த வகையில் கணக்கில் வரும் லாபம் 8,000க்குப் பதில் 6,000. அதோடு, ஓராண்டு கார்டு அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு முத்ரா கடனுக்குப் போகிறவருக்கு விற்பனையை நிரூபிக்க வேறு தாள் தேட வேண்டியிருக்காது.